எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறாத பயணம்

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் திருவண்ணாமலையில் இன்னொரு கூட்டம் வந்து தங்குகிறது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் வாடகை வீடுகளும் அறைகளும் வெளிநாட்டவரால் நிரம்புகின்றன. தங்கள் ஊர்ப் பனிக்காலத்தை இங்கே கழித்துவிட்டு, பங்குனி வெயில் உறைக்கத் தொடங்கியதும் திரும்பிப் போகிறவர்கள் இவர்கள். பெரும்பாலோர் மலையையும் மௌனத்தையும் தேடி வருகிறவர்கள். இயற்கையின் மீது மெய்யான அக்கறை உள்ளவர்களும் அவர்களில் நிறையவே உண்டு. சைவச் சாப்பாடு, மின்விசிறி ஓடும் ஒற்றை அறை, சைக்கிள் அல்லது பழைய ஸ்கூட்டர், கொடியில் காயும் துணி என்று இங்கே வாழ்கிறபோது, ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வாழ்வதைவிடத் தங்கள் கார்பன் தடம் பல மடங்கு குறைந்துவிட்டதாக அவர்கள் நம்புவது இயல்புதான். நம்மவர்களும் அதை ஆமோதிக்கிறோம். வெப்ப நாட்டில் எளிமையாக வாழ்ந்தால் பூமிக்குப் பாரம் குறையும் என்பது கேட்க நன்றாகவும் இருக்கிறது. இந்தக் கூட்டலில் பிழையில்லை. ஆனால் கூட்ட வேண்டிய பெரிய தொகை ஒன்று விட்டுப்போகிறது. அதைச் சேர்த்தால் விடையே மாறுகிறது.

முதலில் அந்த அறையின் கணக்கைப் பார்ப்போம். சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். நாளெல்லாம் ஓடினாலும் 2 யூனிட்டைத் தாண்டாது. சிறிய ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் மோட்டார், கைபேசி, மடிக்கணினி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 3 யூனிட், மாதம் 90 யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, மின்சாரத்தால் மாதம் 65 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் ஏறத்தாழ 42 கிலோ. தனியாள் சமையலுக்கு அது இரண்டு மாதம் தாராளமாக வரும். ஸ்கூட்டருக்கு மாதம் 10 லிட்டர் பெட்ரோல் போட்டால் 23 கிலோ. அரிசி, பால், காய்கறி ஆகியவற்றின் பின்னால் இருக்கும் கணக்கை விட்டுவிட்டால், மாதம் 110 கிலோவை ஒட்டி நிற்கிறது. நான்கு மாதத்துக்கு 440 கிலோ, அதாவது அரை டன்கூட இல்லை. பெருமைப்பட்டுக்கொள்ளத்தக்க எண்தான்.

இனி, அந்த அறைக்கு வந்து சேர்ந்த வழியைப் பார்ப்போம். லண்டனிலிருந்து சென்னை வான்வழியாக 8,200 கிலோமீட்டர், பிராங்க்பர்ட்டிலிருந்து 7,600. சாதாரண வகுப்பில் போய்வரும் ஒருவரின் பங்குக்குக் கணக்கிடும் முறையைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டு டன் கரியமில வாயு சேர்கிறது. உயரத்தில் விமானம் விட்டுச்செல்லும் நீராவிக் கோடுகள் முதலியவை ஏற்படுத்தும் வெப்பத்தையும் சேர்த்தால் அது 3 டன்னைத் தொடும். பிசினஸ் வகுப்பு என்றால் இருக்கை பிடிக்கும் இடத்துக்கு ஏற்ப மடங்கும் கூடும். இரண்டு டன் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் இந்தியரின் ஆண்டுச் சராசரி கரியமில வாயு உமிழ்வும் சுமார் இரண்டு டன்தான். நான்கு மாத எளிய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பயணத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

பௌர்ணமிக் கிரிவலத்தை எடுத்துக்கொண்டால் இந்த அளவு இன்னும் தெளிவாகப் புரியும். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு 190 கிலோமீட்டர். லிட்டருக்கு நான்கரை கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்தில் 50 பேர் வந்தால் ஆளுக்குச் சுமார் இரண்டேகால் கிலோ கரியமில வாயு. போகவர நான்கரை கிலோ. பௌர்ணமி இரவில் நின்றுகொண்டு வருகிறவர்களையும் எண்ணினால் இன்னும் குறையும். ஒருவர் ஒரு பௌர்ணமிகூடத் தவறாமல் வந்து 14 கிலோமீட்டர் மலை சுற்றிப் போனால், லண்டன் பயணம் ஒன்றின் அளவை எட்ட அவருக்கு 35 ஆண்டுகள் பிடிக்கும். தீபத்தையொட்டி மலையுச்சியில் மூன்றரை டன் நெய் எரிவதைச் சுட்டிக்காட்டி முகம் சுளிப்பவர்களும் உண்டு. அத்தனை நெய்யும் எரிந்தால் எழும் கரியமில வாயு சுமார் 10 டன். பால் தந்த மாடுகளின் மீத்தேனைச் சேர்த்தால் அது பல மடங்காகும் என்பது உண்மை. ஆனாலும், 250 பயணிகளோடு லண்டன் போய்த் திரும்பும் ஒரே ஒரு விமானத்தின் கணக்கு 500 டன்.

இவ்வளவு பெரிய தொகை எப்படிக் கண்ணில் படாமல் போகிறது? பயணிகளின் அலட்சியத்தை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நாடுகளின் கணக்குப் புத்தகமே அப்படித்தான் எழுதப்படுகிறது. ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையின் கீழ் ஒவ்வொரு நாடும் தன் உமிழ்வைத் தெரிவிக்கும்போது, சர்வதேச விமானங்களுக்கு நிரப்பிய எரிபொருளை மொத்தத்தில் சேர்ப்பதில்லை. தனியே குறிப்பிடுகிறது, அவ்வளவுதான். 1997 கியோட்டோ ஒப்பந்தம் அந்தப் பொறுப்பைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் தள்ளிவிட்டது. அந்த அமைப்பு 2016-ல் ஒருவழியாகக் கொண்டுவந்த திட்டமோ, ஒரு வரம்புக்கு மேல் கூடும் உமிழ்வை வேறெங்காவது ஈடுசெய்தால் போதும் என்கிறது. சர்வதேச விமான எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரியும் கிடையாது. ஆகவே பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னை வரும் பயணம் ஜெர்மானியரின் 7 டன் சராசரியிலும் வருவதில்லை, இந்தியரின் 2 டன் சராசரியிலும் வருவதில்லை. அங்கே 7, இங்கே 2 என்று இரு எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுகிறவர், இரண்டுக்கும் நடுவே இருக்கும் அரபிக்கடலை மறந்துவிடுகிறார். இரு நாட்டிலும் மாறிமாறி வாழ்கிறவர்களின் கார்பன் தடத்தில் ஒரு பெரும் பகுதி, எந்த நாட்டின் பெயரிலும் எழுதப்படாத இந்தப் பயணம்தான்.

எளிமைக்குக் காரணம் வெப்ப நாடு என்பதையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். மார்கழியிலும் தையிலும் திருவண்ணாமலையில் மின்விசிறிகூடச் சில இரவுகளில் தேவைப்படாது. சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மலையின் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும்போது, விருந்தினர்கள் இங்கே இல்லை. ஐரோப்பாவின் எரிசக்தி தின்னும் மாதங்களும் அவர்கள் கணக்கில் இல்லை, தமிழ்நாட்டின் எரிசக்தி தின்னும் மாதங்களும் இல்லை. இந்த ஊர்க்காரருக்கு அந்த வசதி கிடையாது. ஒன்றரை டன் ஏசி எட்டு மணி நேரம் ஓடினால் ஓர் இரவுக்கு எட்டு முதல் பத்து யூனிட் போகும். மாதத்துக்கு அதுவே 200 கிலோ கரியமில வாயு. முன்னே சொன்ன அறையின் கணக்கு ஒரே இயந்திரத்தால் மூன்று மடங்காகிவிடுகிறது. பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் 0.2 கிலோவைச் சுற்றித்தான் நிற்கிறது. அணுமின்சாரத்தை நம்பியிருக்கும் பிரான்ஸில் அதிலும் சிறு பகுதி. காற்றாலைகளில் நாட்டின் முன்னணியில் இருந்தாலும், எண்ணூர், மேட்டூர், நெய்வேலி புகைக்கூண்டுகளையும் நம்பியிருக்கும் நமக்கு ஒரு யூனிட்டின் சுமை அதிகம். ஆக, இங்கே சுவிட்சைத் தட்டுவது அங்கே தட்டுவதைவிட லேசான காரியம் அல்ல. சுவிட்சைத் தட்டத் தேவையில்லாத மாதங்களில் மட்டும் இங்கே இருப்பதுதான் லேசு.

வெப்ப நாடு என்றாலே குறைந்த தடம் என்ற எண்ணத்தை உடைக்க வேறெங்கும் போக வேண்டாம். வட தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போகிற வளைகுடாவைப் பார்த்தால் போதும். கத்தாரில் தலைக்கு ஆண்டுக்கு 35 டன்னுக்கு மேல். உலகிலேயே உச்சம் அதுதான். ஐக்கிய அரபு அமீரகத்தில் 20 டன்னை ஒட்டி வருகிறது. எரிவாயுத் தொழில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், ஆண்டு முழுக்க ஓயாத குளிர்சாதனம் எல்லாம் அதில் அடக்கம். அந்தச் சராசரியில் ஒரு தலையாக எண்ணப்படும் நம் கட்டடத் தொழிலாளி, முகாமில் ஓர் அறையைப் பலரோடு பகிர்ந்துகொண்டு, நிறுவனப் பேருந்தில் வேலைக்குப் போய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வருகிறவர். அவருடைய உண்மையான பங்கு 35 டன்னுக்கு அருகில்கூட வராது. அதேபோல, செங்கம் சாலையில் தங்கியிருக்கும் வெளிநாட்டவரின் பங்கும் இந்தியச் சராசரியான 2 டன் அல்ல. நாட்டுச் சராசரி ஆளைக் காட்டுவதில்லை. அவரவர் கையில் இருக்கும் பணமும், அந்தப் பணம் எதில் எரிகிறது என்பதும்தான் ஆளைக் காட்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, வலுவானதும்கூட, ஐரோப்பியக் குளிரைப் பற்றியது. அங்கே இருந்தால் வீட்டைச் சூடாக்க எரிவாயு எரித்திருப்போமே, அது மிச்சம்தானே என்கிறார்கள். மிச்சம்தான், எவ்வளவு என்பதே கேள்வி. பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், சராசரிக் குடும்பம் ஒன்று ஆண்டுக்கு 11,500 யூனிட் அளவுக்கு எரிவாயு செலவிடுவதாக வைத்துக் கணக்கிட்டு வந்திருக்கிறது. அதை எரித்தால் 2 டன்னுக்குச் சற்று மேல். வெந்நீரும் சமையலும் இதில் சேர்த்தி. குளிர்கால நான்கு மாதத்துக்கு இதில் அறுபது சதவீதம் போகிறது என்று வைத்தாலும் ஒன்றேகால் டன்தான், அதுவும் ஒரு குடும்பத்துக்கு. கணவனும் மனைவியுமாகப் பறந்து வந்தால் பயணம் 4 டன், மிச்சம் ஒன்றேகால். தனியாக வருகிறவரின் சிறிய வீட்டில் மிச்சம் ஒரு டன்னைக்கூட எட்டாது. குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்க, ஆளில்லாத வீட்டிலும் சூடேற்றியைக் குறைந்த அளவில் ஓடவிட்டுத்தான் வருகிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டு வந்திருந்தாலோ, அந்த எரிவாயுவை வேறொருவர் எரிக்கிறார். பிரெஞ்சுக்காரர் மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்குகிறவராக இருந்தால், மிச்சம் என்று சொல்ல ஏதும் தேறாது.

அடுத்தது மரங்களைக் காட்டும் வாதம். மொட்டையாகக் கிடந்த அண்ணாமலையின் சரிவுகள் இன்று பசுமையாக இருப்பதில் வெளிநாட்டவர் பலருடைய உழைப்பும் நன்கொடையும் இருக்கின்றன. 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஆண்டுதோறும் நாட்டு மரக்கன்றுகளை நட்டு, கோடையில் காட்டுத்தீ பரவாமல் தடுப்புக் கோடுகள் வெட்டி வருகின்றன. அந்த வேலையைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அதை விமானத்துக்கான ரசீதாக மாற்றக் கூடாது. நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ அளவுக்குக் கரியமில வாயுவை இழுக்கிறது என்பது பரவலான கணக்கு. ஒருவருடைய ஆண்டுப் பயணம் ஒன்றுக்கே 100 மரம் வேண்டும். அவை வளர்ந்தாக வேண்டும், தீயில் சிக்காமல் நிற்கவும் வேண்டும். மரக்கன்று நாளைக்கு இழுக்கப்போகும் வாயுவை விமானம் இன்றைக்கே விட்டுவிடுகிறது. மலையின் மண்ணுக்கும் நீருக்கும் பறவைக்கும் அந்தக் காடு வேண்டும், அந்தக் காரணமே அதற்குப் போதும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீடொன்றின் மேல் விழுந்ததில் 7 பேர் இறந்தார்கள், அவர்களில் 5 பேர் குழந்தைகள். ஒரு தனிப் புயலைத் தனியொருவரின் விமானச் சீட்டோடு முடிச்சுப் போடுவது அபத்தம். ஆனால் கடலும் காற்றும் சூடேறச் சூடேறப் பெருமழைகள் வலுக்கும் என்பது அறிவியல். அப்படிப்பட்ட மழையில் மலையடிவாரத்தில் வீடு கட்டியிருப்பவர் யார், அப்போது பாதுகாப்பாக வேறு கண்டத்துக்குப் போக முடிகிறவர் யார் என்பதும் இந்த ஒப்பீட்டில் சேர்த்தி.

தனிமனிதரின் கார்பன் தடத்தை எண்ணுவதே எண்ணெய் நிறுவனங்கள் விரித்த வலை என்று சொல்லும் கட்சி ஒன்று இருக்கிறது. அதில் உண்மை உண்டு. 2004-ல் பிபி நிறுவனம் தன் இணையதளத்தில் கார்பன் தடம் கணக்கிடும் கருவியை வைத்து அந்தச் சொல்லைப் பரப்பியது. பெட்ரோல் விற்பவர் பொறுப்பை வாங்குபவர் தலையில் கட்டினார். நிலக்கரி நிலையத்தை மூடுவதா, ரயில் பாதை போடுவதா என்பதையெல்லாம் ஒருவர் தன் சமையலறையிலிருந்து முடிவு செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்வதேச விமானப் பயணத்தில் இந்த வாதம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே எந்த அரசும் முழுப் பொறுப்பேற்கவில்லை, எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரி இல்லை, பெரும்பாலான நாடுகளின் இலக்கில் இடமில்லை. தடுப்பு என்று ஒன்று இருக்குமானால் அது பயணச்சீட்டு வாங்குகிறவரின் முடிவுதான். அதோடு, அந்த முடிவை எடுக்கிறவர்கள் மிகச் சிலர். ஸ்வீடனில் பணியாற்றிய ஆய்வாளர் ஸ்டீபன் கோஸ்லிங்கும் அவருடைய சகாவும் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018-ல் உலக மக்களில் 11 சதவீதம் பேரே விமானம் ஏறினார்கள். நாடு விட்டு நாடு பறந்தவர்கள் 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒரே ஒரு சதவீதம் பேர்தான் பயணிகள் விமான உமிழ்வில் பாதிக்குக் காரணம். நான் ஏறாவிட்டாலும் விமானம் பறக்கத்தானே போகிறது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அடுத்த பருவத்தில் வாரத்துக்கு எத்தனை விமானம் விடலாம் என்று நிறுவனம் முடிவு செய்வது, இந்தப் பருவத்தில் எத்தனை இருக்கை விற்றது என்பதைப் பார்த்துத்தான்.

நம்மவர்கள் பறப்பதில்லையா என்று கேட்பார்கள். பறக்கிறார்கள், கணக்கும் அதேதான். கலிபோர்னியாவிலிருந்து ஆண்டுதோறும் குடும்பத்தோடு வந்து, குலதெய்வக் கோயிலுக்கும் அண்ணாமலையாருக்கும் ஒரே வாரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் தமிழரின் தடம், செங்கம் சாலையில் நான்கு மாதம் தியானத்தில் உட்கார்ந்திருக்கும் ஜெர்மானியரின் தடத்தைவிடப் பெரியது. தூரமும் அதிகம், தங்கும் நாளும் குறைவு. தோல் நிறத்தை வைத்தோ பக்தியின் ஆழத்தை வைத்தோ வாயு கூடிக் குறைவதில்லை. பெற்றோரைப் பார்க்க வரும் மகளின் பயணத்தையும், குளிருக்குப் பயந்து வருபவரின் பயணத்தையும் நான் ஒரே தராசில் நிறுத்தமாட்டேன். கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அது நியாயம் பற்றிய தீர்ப்பு. கணக்கு அதற்காக மாறாது.

வெளிநாட்டவர் வரவே கூடாது என்பது என் கருத்தல்ல. 1930-களில் கப்பலேறி ரமணரைத் தேடி வந்தவர்கள் ஆண்டுக்கொருமுறை போய்வரவில்லை. வந்தால் மாதக்கணக்கில், சிலர் ஆயுள் முழுக்க, இங்கேயே இருந்தார்கள். அந்த நாளுக்குத் திரும்ப முடியாது. ஆனால் அவர்களுடைய கணக்கிலிருந்து ஒன்றைக் கற்கலாம்: பயணத்தின் சுமை எத்தனை நாள் தங்குகிறோம் என்பதால் வகுபடுகிறது. 4 மாதத்துக்கு 2 டன் என்றால் மாதத்துக்கு 500 கிலோ. அதே பயணத்தில் 8 மாதம் தங்கினால் 250. ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்குப் பதில் இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்து இரு மடங்கு நாள் தங்கினால், மலையடியில் கழியும் நாட்கள் குறையாமலே பயணம் பாதியாகிவிடும். அறையில் எந்த விளக்கை அணைத்தும், எத்தனை நாள் மொபெட்டை விட்டு நடந்தும் இந்த மிச்சத்தை எட்ட முடியாது.

இதற்குக் குறுக்கே நிற்பது நம்முடைய சொந்த விதிதான். இ-டூரிஸ்ட் விசாவில் வருகிறவர் ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாளுக்கு மேல் இங்கே இருக்க முடியாது. மேலும் இருக்க விரும்புகிறவர் கிளம்பிப் போய், அடுத்த ஆண்டு மறுபடி பறந்து வர வேண்டும். இந்த வரம்பை இரண்டாண்டுக்கு 360 நாள் என்று மாற்றி எழுதினால், மொத்த நாட்களில் ஒன்றுகூடக் கூடாது. பறப்பது மட்டும் பாதியாகும். 182 நாள் தங்கினால் வருமான வரிச் சட்டப்படி ஒருவர் இங்கே வசிப்பவராகிவிடுவார் என்பது ஒரு சிக்கல்தான், ஆனால் அதை வருமான வரித்துறை தனியே கையாளலாம். பதிவும் காவல்துறைக் கண்காணிப்பும் இப்போது போலவே தொடரலாம். நீண்ட நாள் தங்கினால் சித்திரை, வைகாசியையும் அவர்கள் நம்மோடு சேர்ந்து தாங்க வேண்டிவரும், அப்போது அவர்களும் ஏசி மாட்டிக்கொள்வார்கள், மிச்சமானதெல்லாம் அதில் போய்விடும் என்று ஒரு மறுப்பு வரும். மூன்று கோடை மாதமும் ஓர் இரவுகூட விடாமல் ஏசி ஓடினாலும் 600 கிலோ. தவிர்த்த பயணம் 2,000 கிலோ.